தண்ணீர் விடுகிறவர்

தருமபுரிக்கு மேற்கே, ஒகேனக்கல் போகிற பெருஞ்சாலையை விட்டு விலகி, புளியமரங்களுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் நடுவே அமைந்த ஒரு சிறு பேரூராட்சியில், ஊர்க் குடிநீர்த் தொட்டிக்குக் காவலராகவும் வைத்தியராகவும் வாய்த்திருக்கிற ஒரு பெரியவரோடு, பொழுது புலருமுன் தொடங்கி வெயில் உச்சிக்கு ஏறும் வரையில் தெருத்தெருவாக நடந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. காரியாலயப் பதிவேட்டில் அவருக்கு 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர்' என்று நீளமான உத்தியோகப் பெயர் உண்டு. ஊர் ஜனங்களுக்கோ அவர் 'தண்ணி விடறவரு'தான். தம் பெயரைப் போட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டபடியால், ஊரார் சொல்கிறபடியே நானும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவர் வாய்விட்டுச் சிரிக்கும்போது முன்பற்களின் குறுக்கே காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை தெரிகிறது. வெற்றிலை போடும் வழக்கம் அவருக்கு இல்லை. "எந்த ஊருன்னு கேக்கறதுக்கு ரேஷன் கார்டு எல்லாம் எதுக்கு சார், வாயைத் தொறந்தாப் போதும், எங்க பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சுடும்" என்று அவரே அதைப் பரிகாசம் செய்துகொண்டார். நிலைப்பல் உருவாகிற குழந்தைப் பிராயத்தில் குடித்த தண்ணீரின் சாசனம் அது. பிற்பாடு எத்தனை நல்ல தண்ணீர் குடித்தாலும் அழியாது. கறையோடு நின்றவர்கள் பாக்கியசாலிகள். எலும்பிலும் மூட்டிலும் அதே சரக்கு சேர்ந்து, முதுகு விறைத்து, திண்ணையைவிட்டு எழுந்திருக்க இன்னொருவர் கை கேட்கிற கிழவர்களையும் அன்று இரண்டொரு தெருக்களில் கண்டேன்.

இந்தப் பிரதேசத்தின் அடியில் கிடப்பது மிகப் பழமையான கடும்பாறை. அதிலுள்ள சில கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேருகிறது. மழை பொய்த்து, கிணறு வற்றி, ஆழ்துளைகள் அறுநூறு, எழுநூறு அடி என்று இறங்க இறங்க, பாறையோடு நெடுங்காலம் சகவாசம் செய்த ஜலமே மேலே வருகிறது. நம் தேசத்தில் இந்த நோயை முதன்முதலில் விஞ்ஞான ரீதியாக விவரித்தவர்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும்; 1937-ல், அப்போது சென்னை ராஜதானியில் இருந்த நெல்லூர் ஜில்லாவில் அதைக் கண்டறிந்தார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையில் ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் இன்று வகுத்திருக்கும் விதி.

இதில் விபரீதம் என்னவென்றால், ஃபுளோரைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, இந்த அளவில் ருசியுமில்லை. நம் முன்னோர் தண்ணீரைப் பரீட்சிக்க வைத்திருந்த உபாயங்களெல்லாம், பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, நாக்கில் கரிக்கிறதா என்பவை. அந்தப் பரீட்சைகள் இங்கே தலைகீழாகிவிடுகின்றன. ஏனெனில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த, பருப்பு வேகாத தண்ணீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் அதிகமாகத் தங்குவதில்லை. சுண்ணாம்பு குறைந்து சோடாக் குணம் மிகுந்த, வாய்க்கு மெத்தென்றிருக்கிற தண்ணீரிலேயே அது தாராளமாகக் கரைந்து நிற்கும். ஆகவே தலைமுறை தலைமுறையாக, ஊரிலேயே நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த கிணற்றைத் தேடிப் போய்க் குடம் சுமந்த குடும்பங்களுக்கு அந்தச் சிரத்தையே வினையாக முடிந்திருக்கக் கூடும். காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பிறந்தது இந்தக் காரணத்தினால்தான். ஜப்பானியக் கடனுதவி பெற்று, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் காவேரி நீரைச் சுத்திகரித்து அனுப்பும் அந்தத் திட்டம் 2013-ல் ஓடத் தொடங்கிற்று. 'காவேரித் தண்ணி' என்று சொல்லும்போது இங்குள்ள பெண்களின் குரலில் ஒரு சொந்தம் தொனிக்கிறது. ஆனால் பெருங்குழாயும் பிரம்மாண்டமான பம்புகளும் ஊர் எல்லை வரையில்தான் பொறுப்பேற்கும். தரைமட்டத் தொட்டியில் வந்து விழுந்த பிறகு, அந்த ஜலம் கடைசி வீட்டுக் குடத்தில் சுத்தமாகப் போய்ச் சேருவது நம் பெரியவர் கையிலிருக்கிறது.

அவருடைய முதற் காரியம் மருந்து கலக்குவது. மோட்டார் அறையின் மூலையில், செங்கல்லின்மேல் பலகை போட்டு, பிளீச்சிங் பவுடர் மூட்டையை வாய் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு. அவருடைய தொட்டி ஒரு லட்சம் லிட்டர் கொள்வதாகையால் 400 கிராம். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் பவுடரை இட்டு, முதலில் சிறிது நீர் தெளித்துக் கூழாக்கிக் கட்டிகளை நசுக்கினார்; பிறகு வாளி நிறைய நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும் வரையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்; அதன்பின் மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு வடித்தார். சுண்ணாம்பையும் சேர்த்துத் தொட்டியில் கொட்டுகிறவர்கள் உண்டாம். அவ்விதம் செய்தால் குழாய்களுக்குள் வெள்ளை வண்டல் படியும், ஜனங்கள் பால்போல வருகிறதென்று பயந்து கீழே ஊற்றிவிடுவார்கள். வாளியோடு இரும்பு ஏணியில் அவர் ஏறிய லாகவத்தைப் பார்த்துக்கொண்டு நான் கீழேயே நின்றேன். அறுபதை நெருங்கும் அந்த மனிதருக்கு இடுப்பில் கட்ட ஒரு பாதுகாப்புக் கயிறுகூட இல்லை என்பதை இங்கே குறித்துவைப்பது என் கடமை. மருந்து சேர்ந்தபின் அரைமணி நேரம் கழியாமல் அவர் வால்வில் கை வைப்பதில்லை. கிருமிகள் சாக அந்த அவகாசம் வேண்டும்.

'நானூறு கிராம்' என்பதை அவர் தராசில் நிறுத்துப் பார்க்கவில்லை. ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரால் அளந்தார். அளந்தபின் இன்னொரு கால் டம்ளர் சேர்த்தார். காரணம் கேட்டேன். "மூட்டை பிரிச்சு நாளாச்சு சார், காரம் எறங்கிப் போச்சு. வாசனையிலேயே தெரியுது பாருங்க" என்றார். புதிய பவுடரில் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பயன்படும் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்துவிட்டால், காற்றும் ஈரமும் வெப்பமும் பட்டு நாளுக்கு நாள் அது பறந்துபோய், கடைசியில் எஞ்சுவது சுண்ணாம்பு மட்டுமே. சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கும் 4 கிராமுக்கும் அவருடைய கால் டம்ளருக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியிலேதான் அவருடைய வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

பிறகு தெருப் பயணம். தோளில் ஆளுயரமுள்ள இரும்புச் சாவி. அதன் மேல்முனையில் இரு கைகளாலும் பற்றிச் சுற்றுவதற்குக் குறுக்குக் கம்பி. வால்வுக் குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பி, சாவியைப் பொருத்தி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினார், தலையைச் சாய்த்து எதையோ கேட்டார், இன்னொரு சுற்று, மறுபடியும் நிறுத்தம். காலிக் குழாய்க்குள் இருக்கிற காற்று வெளியேறுமுன் ஒரே மூச்சில் திறந்தால், நீர் முட்டி மோதி இணைப்புகளைப் பெயர்க்கும், அடியிலிருக்கும் வண்டலையெல்லாம் கிளப்பிக்கொண்டு போகும். எங்கேனும் கசிவு இருப்பதாகச் சந்தேகம் தோன்றினால், சாவியின் ஒரு நுனியைக் குழாயின்மேல் ஊன்றி மறு நுனியில் காதை வைத்துக் கேட்பார். நானும் வைத்துக் கேட்டேன். எனக்கு ஒரே இரைச்சல். அவருக்கோ அதில் ஓடுகிற நீர் வேறு, ஒழுகுகிற நீர் வேறு.

இந்த ஊரில் ஒரு தெருவுக்கு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். தொல்லைகளில் பாதி இங்கிருந்து பிறக்கிறது. குழாயில் நீர் நிறைந்து அழுத்தத்தோடு நிற்கும் வரையில், சிறு துவாரம் வழியே உள்ளிருப்பது வெளியே போகுமேயன்றி வெளியிலிருப்பது உள்ளே வராது. காலியான குழாயோ வாய் திறந்து கிடக்கிறது. அதோடு ஜனங்களின் சாமர்த்தியமும் சேருகிறது. மேட்டுத் தெருவில் அழுத்தம் போதாமையால், வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, அதனடியில் குழாயை இறக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு குழிக்குள் எட்டிப் பார்த்தேன்: அடியில் சாணிநிறத்தில் தேங்கிய நீர், அதில் மிதக்கும் ஒரு ஷாம்பு உறை, நீர்மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே மூடி இல்லாத குழாய், ஒரு முழத் தூரத்தில் சாக்கடை. மழை பெய்தால் குழாயின் வாய் முழுகிவிடும். அடுத்த வீட்டுக்காரர் அப்போது மின்மோட்டாரை நேரே குழாயில் பொருத்தி உறிஞ்சுவாரேயானால், அவர் தொட்டிக்கு வருவது காவேரி மட்டுமாக இராது, இந்தக் குழியின் தீர்த்தமும் சேர்ந்தே வரும். மோட்டார் பொருத்துவது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியவர் தெருவில் நுழைகிற சத்தம் கேட்டதும் அடங்கி, அவர் திரும்பியதும் உறுமத் தொடங்குகிற மோட்டார்களை நானே செவியாறக் கேட்டேன்.

மருந்தின் அவசியம் இதனாலேயே இரட்டிப்பாகிறது. தொட்டியிலிருக்கும் கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, வழியில் சேரக்கூடியதையும் கொல்வதற்குக் கொஞ்சம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டுமென்பது நியதி. ஆனால் தொட்டியருகே குடியிருப்பவர்களுக்கு வாடை அதிகமாகத்தான் அடிக்கும். ஒரு பெண்மணி குடத்தோடு வழிமறித்து, "அண்ணா, டீ வச்சா டீ வாசனையே இல்லை, மருந்துதான் அடிக்குது. ஆஸ்பத்திரியில குடிக்கிற மாதிரி இருக்குது" என்று சண்டைக்கு வந்தாள். "குடத்தை ஒரு மணி நேரம் தொறந்து வச்சுட்டு அப்புறம் மூடும்மா, வாடை ஓடிப்போயிடும். வாடையில்லாத தண்ணி வேணும்னா சொல்லு, அதோட காய்ச்சலையும் சேத்து விடறேன்" என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். வாடை அடித்தால் வருகிற புகார் உடனே வருகிறது, மருந்து குறைந்தால் வருகிற பேதி நாலு நாள் கழித்து வருகிறது. புகாருக்கு அஞ்சி மருந்தைக் குறைத்துவிடுகிற ஆபரேட்டர்கள் பலர் என்பதை நாம் ஆச்சரியப்படாமல் புரிந்துகொள்ளலாம்.

கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குழலை எடுத்து நீரைப் பிடித்து, மருந்துப் புட்டியிலிருந்து சில துளிகளை விட்டார். நீர் இளமஞ்சளாக மாறிற்று. அட்டையிலிருந்த நிறங்களோடு ஒத்துப் பார்த்து, "இருக்குது" என்றார். மோட்டார் அறை அலமாரியில் வேறொரு புட்டியும் உண்டு. அதில் நீரை நிரப்பி மூடி வைத்து, ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கக்கூடுமென்று அர்த்தம். அன்று வைத்திருந்தது கறுக்கவில்லை.

கிருமிக்கு இத்தனை காவல் இருக்கிறது. ஃபுளோரைடுக்கு இவரிடம் அன்றாடக் காவல் ஏதுமில்லை. கோடையில் காவேரி வரத்துக் குறையும்போது, பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. "ரெண்டு பங்கு காவேரி, ஒரு பங்கு போரு, அதுக்கு மேல போகமாட்டேன்" என்றார். உதாரணமாக ஆழ்துளை நீரில் 3 மில்லிகிராமும் ஆற்று நீரில் 0.3-ம் இருந்தால், அவர் கலக்கிற விகிதத்தில் 1.2 வரும், சரிபாதி கலந்தால் 1.65 ஆகி, பொறுத்துக்கொள்ளக்கூடிய 1.5 என்ற எல்லையையும் கடந்துவிடும். அவர் இந்தக் கணக்கைப் போட்டவரல்லர். ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியாளர் சொல்லிவிட்டுப் போனதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை பங்கு வந்தது என்று காட்ட அளவு மீட்டர் கிடையாது. மோட்டார் ஓடிய நேரத்தை வைத்து ஊகிக்கிறார். மாதிரி நீர் மாவட்டத் தலைநகரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் முடிவு வருவதற்குள் அந்தத் தொட்டி பலமுறை நிரம்பிக் காலியாகியிருக்கும். ஒரு தலைமுறைக் குழந்தைகளின் பற்களை ஒருவருடைய ஞாபகசக்தியையும் நாணயத்தையும் நம்பி விட்டுவைப்பது நிர்வாகமாகாது. வசதியுள்ள வீடுகள் இந்தச் சங்கடத்தையெல்லாம் கேன் தண்ணீர் வாங்கித் தீர்த்துக்கொண்டுவிட்டன. மேட்டுத் தெருவில் கேன் இறங்குகிற வீடு நாலைந்துதான்.

திரும்பி வருகையில் அவருக்கு என்ன வேண்டுமென்று கேட்டேன். சம்பள உயர்வு என்பாரென்று எதிர்பார்த்திருந்தேன். அது சொற்பமென்பதும், மாதந்தவறி வருவதுமுண்டு என்பதும் முன்பே காதில் விழுந்திருந்தன. அவர் மோட்டார் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டே, "பிளீச்சிங் பவுடரை இருபத்தஞ்சு கிலோ மூட்டையாக் குடுக்கறாங்க சார், பாதி தீர்றதுக்குள்ள செத்துப்போவுது. ஒரு கிலோ, ரெண்டு கிலோவா சீல் வச்ச பாக்கெட்டாக் குடுக்கச் சொல்லுங்க. ஏணிக்கு ஒரு கயிறு. போர் லைன்ல ஒரு மீட்டர். இதை எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். பேரூராட்சிக் காரியாலயத்தில் சம்பந்தப்பட்டவரிடம் முதல் கோரிக்கையைச் சொன்னபோது, கொள்முதல் எப்போதும் மூட்டைக் கணக்கில்தான் நடக்கிறதென்றும், பாக்கெட்டானால் விலைப்புள்ளி புதிதாகக் கோரவேண்டுமென்றும், அதற்கு மன்றத்தின் தீர்மானம் வேண்டுமென்றும் விளக்கினார். அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டு, பெரியவரின் மூன்று கோரிக்கைகளையும் ஒரு மனுவாக எழுதி, நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.