சோலை மந்திக்கு நீட்டிய முறுக்கு

லோதி ரோட்டு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர்க்குக் குரங்கு புதியதன்று. மதில்மேல் அமர்ந்து நம் சாப்பாட்டுப் பையின்மீது கண்வைத்திருக்கும் செம்முகக் குரங்கை நம் பிள்ளைகள் நன்கறிவர். அவர்கள் அறிந்த குரங்கும் அது ஒன்றே. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் எனப் பிரித்தறிந்து, அவற்றின் பெண்ணை மந்தி என்றது. அதனை அவர்களுக்குச் சொல்ல நாமும் முயன்றதில்லை.

சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் வால்பாறை சென்றோம். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, புதுத்தோட்டத்தருகே வண்டியை நிறுத்தினோம். கிளையொன்றில் சோலை மந்தி ஒன்று, வயிற்றோடு குட்டியை அணைத்து அமர்ந்திருந்தது. கரிய மேனி; முகத்தைச் சூழ வெண்சாம்பல் பிடரி; வால் நுனியில் ஒரு குஞ்சம். சிங்கவால் குரங்கு என்பதும் இதனையே. எங்கள் இளைய மகள் முறுக்கை நீட்டினாள். நாங்கள் தடுக்கவில்லை, செவ்வாய்தோறும் மதில்மேல் வாழைப்பழம் வைத்துப் பழகிய குடும்பமாயிற்றே! மந்தி சாலையில் இறங்கிற்று.

“சார், கொடுக்காதீங்க! இன்னிக்கு முறுக்குக்கு இறங்குறது, நாளைக்கு வண்டியில அடிபட்டுக் கிடக்கும்!” என்று ஓடிவந்த வேட்டைத் தடுப்புக் காவலர், கைதட்டி அதனை மரமேற்றினார். சற்றைக்கெல்லாம் தேயிலை லாரி ஒன்று அவ்விடத்தைக் கடந்து சென்றது.

தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மூன்றின் மேற்குமலைக் காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் இவ்வினம் இயற்கையாய் வாழ்வதில்லை. வெடிபலாவின் முட்காயைப் பிளந்து வித்தைத் தின்று, மரத்திலேயே உறங்குவது. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். தேயிலைக்காகக் காட்டைத் துண்டாடியபோது கிளைவழி அறுந்தது. தரைவழி நடக்க நேர்ந்தது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருந்த கித்தான் பாலங்களைக் காவலர் காட்டினார்.

களக்காடு சரணாலயம் 1976, அமைதிப் பள்ளத்தாக்கு மின்திட்டம் கைவிடப்பட்டது 1983, தேசியப் பூங்கா 1984. இவையெல்லாம் பணித்தேர்வுக்கு நாங்கள் மனனம் செய்த ஆண்டுகள். 2014 வரை சுற்றுச்சூழல் அமைச்சகம் இயங்கியதும் இந்த லோதி ரோட்டு வளாகத்தில்தான். அதன் வாயிலைக் கடந்தே நாள்தோறும் பணிக்குச் சென்றோம். முறுக்கு நீண்டபோது அவற்றுள் ஒன்றேனும் நினைவுக்கு வரவில்லை.

தில்லி திரும்பியபின் வந்த செவ்வாயன்று மதில்மேல் செம்முகம் காத்திருந்தது. மகள் சிறிது நேரம் அதனைப் பார்த்து நின்றாள். பிறகு வாழைப்பழத்தை உரித்துத் தானே தின்றாள்.