தோம்பும் உறுதியும் உமிழ்நீரும்

பிதிர்க்கடன் ஆற்றப் புகும்போது குருக்கள் தந்தை, பேரன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். மூன்றாவது பெயரிலேயே நம்மிற் பலர் தடுமாறி அருகில் நிற்கும் முதியவரை நோக்குவோம். அதற்கு அப்பால் உள்ளோரைக் கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. ஆயினும் சபையிலே பேசும்பொழுது மட்டும் 'சோழநாட்டிலிருந்து வந்த குடி' என்று கூறிக்கொள்ள நாம் பின்நிற்பதில்லை.

இம்மலருக்குக் கல்லூரி நினைவொன்றை எழுதித் தருமாறு குழுவினர் எம்மைக் கேட்டனர். விளையாட்டுப் போட்டிகளையும் விடுதிச் சோற்றையும் பற்றி எழுதவல்லார் பலர் உளராதலின், கல்லூரிக் கந்தோரிலுள்ள பழைய சேர்விடாப்பு ஒன்று எமது குடும்பத்துக்குச் செய்த உதவியை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாழ்ப்பாணத்தார் தம் முன்னோரைத் தேடப் புகின் முதலில் எதிர்ப்படும் இடர், எமக்குக் குடும்பப் பெயர் இல்லாமையே. வேலுப்பிள்ளை மகன் கந்தையா. கந்தையா மகன் வேலுப்பிள்ளை. அவன் மகன் மீண்டும் கந்தையா. பாட்டனையும் 'பேரன்' என்போம், அவர் பெயரைத் தாங்கும் பிள்ளையையும் 'பேரன்' என்போம். ஏட்டிலே காணும் கந்தையா எந்தக் கந்தையா என்று துணிவது எங்ஙனம்? பிறப்பு இறப்புப் பதிவுகள் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியவை. அதற்கு முந்தியோரை நாடுவோர் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளை, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திலே தேடுதல் வேண்டும். அங்கே வேறொரு வியப்புண்டு. வீட்டிலே திருநீறு பூசிய சைவர், பாடசாலைத் தோம்பிலே கிறித்தவப் பெயருடன் நிற்பர். அக்காலத்திலே ஞானஸ்நானம் பெறாதார்க்கு உத்தியோகம் இல்லை. எமக்குக் கைகொடுத்தவை இத்தோம்புகள் அல்ல. வீட்டுத் தகரப் பெட்டியிற் கிடந்த உறுதிகளே. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது எம் தாயார் நகைகளை விட்டு அப்பெட்டியையே சுமந்து வந்தார். அதனை அன்று நாம் எல்லோரும் பழித்தோம்.

பழைய தேசவழமையிலே முதுசம் மைந்தர்க்கும் சீதனம் பெண்மக்களுக்கும் செல்லும். ஒல்லாந்தர் இதனை 1707ஆம் ஆண்டில் ஏட்டில் எழுதுவித்தனர். நம் உடலினுள்ளும் இதை யொத்த பங்கீடொன்று நடைபெறுகின்றது. வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு மாத்திரமே செல்வது, முதுசம் என்க. இழைமணியிலுள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்து பிள்ளைகள் அனைவர்க்கும் வரினும், பெண்மக்கள் வழியாகவே மேலும் தொடர்வது, இது சீதனம். எஞ்சிய பெரும்பகுதியோ இருபாலார் வழியாகவும் கலந்து, தலைமுறைதோறும் பாதியாகக் குறைந்துகொண்டே செல்லும்.

ரொறன்ரோவில் வாழும் எம் மருமகன் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குழாயை அனுப்பி, "மாமா, இதிலே உமிழ்ந்து தாருங்கள்" என்றான். முடிவு வந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த நிலப்பகுதியே எம் தாயகம் என வண்ணப்படமொன்று காட்டிற்று! இதனை அறியக் கனடா டொலரில் பணம் கட்ட வேண்டியிருந்தது. படத்தின் கீழ் உறவினர் பட்டியல் ஒன்றிருந்தது. அதன் தலையில், நாம் கேட்டறியாத, மலேசியாவின் ஈப்போ நகரத்துப் பெண்மணி ஒருவர் பெயர் நின்றது.

எம் பேரனாருக்குத் தம்பி ஒருவர் இருந்தார். 1919ஆம் ஆண்டில் மலாயாப் புகையிரதப் பகுதிக்கு உத்தியோகமாகச் சென்றவர். 1941இல் யப்பானியர் படையெடுத்தபின் கடிதம் நின்றது. சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்தார் என்பது வீட்டிலே வழங்கிய கதை. பேரனார் 1951ஆம் ஆண்டில் முடித்த உறுதியிலே 'எனது சகோதரன் சந்ததியின்றி இறந்தபடியால்' என்றொரு வாசகம் உண்டு. அவ்வாசகத்தின் பலத்திலேயே தம்பியின் ஆறு பரப்பும் எம் மாமிமாரின் சீதனத்தோடு சேர்ந்தது.

ஈப்போப் பெண்மணி தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். தம் தாயின் தந்தை யாழ்ப்பாணத்தவர், 1958இல் இறந்தார், ஊர்ப் பெயர் தெரியாது என்று ஆங்கிலத்தில் எழுதினார். அண்ணன் தம்பியரின் பேரப்பிள்ளைகளிடையே பொதுவாயிருப்பது சராசரி 3 வீதம். எமக்கும் அவருக்குமோ 5 வீதத்தை எட்டிற்று. ஆகவே இன்னும் நெருங்கிய உறவென்று அந்நிறுவனம் கணித்தது. மச்சான் மச்சாளை மணக்கும் எம் போன்றார்க்கு அக்கணக்கு அமையாது. பத்துத் தலைமுறைக்கு மேலே 1,024 மூதாதையர்க்கு இடமுண்டு. எம்மூரிலோ ஒருவரே பல ஆசனங்களில் அமர்ந்திருப்பார். அப்பெண்மணியின் பேர்த்தியாரும் எம் பேர்த்தியாரின் ஊரவரே என்பது பின்னர் தெரியவந்தது.

உமிழ்நீர் உறவைச் சொல்லிற்றேயன்றி ஆளைச் சொல்லவில்லை. அதனைச் சொன்னது ஒரு விடுகைப் பத்திரம். தம் பேரனார் பெட்டியிற் கிடந்ததென அவர் அனுப்பிய படத்திலே எமது கல்லூரியின் பெயரும், சேர்விலக்கமும், 1916 என்னும் ஆண்டும் தெளிவாயிருந்தன. நாம் கல்லூரிக்குச் சென்றோம். கந்தோர் இலிகிதர் தம்பி செல்லரித்த இடாப்பைத் தூசி தட்டி எடுத்தார். அதே இலக்கத்தின் எதிரே 1898ஆம் ஆண்டுப் பிறப்பு, தந்தை பெயர், எம் ஊர், எம் வளவின் பெயர். நான்கு வரி மேலே அவருடைய அண்ணன், எம் பேரனார். இருவரும் ஒரே நாளிற் சேர்க்கப்பட்டிருந்தனர்.

1951இல் உறுதி எழுதப்பட்டபோது தம்பி உயிரோடிருந்தார், பிள்ளைகளும் இருந்தனர். அண்ணன் அதனை அறிந்தே எழுதினாரா? போருக்குப் பின் கடிதம் ஏதும் வந்ததா? பெட்டியிலே அப்படியொன்றும் இல்லை. பேரனார் பொய்யர் அல்லர் என்பது எம் எண்ணம். அவர் மடியில் வளர்ந்தவர் சொல்லும் சாட்சி இதுவென்பதையும் வாசகர் கருத்திற் கொள்க.

அப்பெண்மணி காணி கேட்கவில்லை. தம் பேரனாரின் தாயாருடைய பெயரை மாத்திரமே கேட்டார். அதுவும் எவர் நினைவிலும் இருக்கவில்லை. 1889ஆம் ஆண்டுச் சீதன உறுதியை விரித்துப் பார்த்தோம். நொத்தாரிசின் கையெழுத்துக்கு மேலே, எழுதத் தெரியாத பூட்டியார் இட்ட புள்ளடியும், அதனருகே அவர் பெயரும் இருந்தன. பெயரை எழுதி அனுப்பினோம். உச்சரிப்பதைத் தொலைபேசியிற் சொல்லிக் கொடுத்தோம்.

அவ்வளவு நெடுங்காலம் இராணுவத்தார் வசமிருந்து மீண்டது. வீடில்லை, வேலியில்லை, எல்லைக் கல்லுமில்லை; கிணறு மாத்திரம் உண்டு. கிணற்றைச் சேர்ந்த இரண்டு பரப்பையாவது அவர் பெயருக்கு எழுதுதல் முறையென்று மாமி மக்களிடம் கூறினோம். மைத்துனர் இருவர் இசைந்தனர். மூன்றாமவர், 1951ஆம் ஆண்டு உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டிய பின்னர் மறுமொழி சொல்வதாக இருக்கின்றார்.