கந்தல் ஊருக்கு ஒரு டிரிப்!

லண்டன் பிரிட்ஜ், பிக்பென்னு போட்டோல பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சா ஃப்ரெண்ட்ஸ்? இங்கிலாந்து போற சான்ஸ் கிடைச்சா, லீட்ஸ் ஸ்டேஷன்ல ஹட்டர்ஸ்ஃபீல்ட் பக்கம் போற ரயிலைப் பிடிங்க. கொஞ்ச நேரத்துல பாட்லி வந்துடும். சின்ன மில் டவுன். ஆனா, உங்க அலமாரிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு!

1813... நெப்போலியனோட சண்டை நடந்த சமயம். கம்பளிக்கு ஏக கிராக்கி. பெஞ்சமின் லா என்ற பாட்லிக்காரர், பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூல் நூற்றார். அதற்குப் பெயர் 'ஷாடி'. ஊரே அதில் பிழைத்தது. ஸ்டேஷன் ரோட்டில் கந்தல் வியாபாரிகள் கட்டிய கிடங்குகளைப் பார்த்தாலே அந்தக் கால செல்வாக்கு புரியும். பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போரில், மட்டமான ஷாடி யூனிஃபார்ம்கள் சிப்பாய்கள் உடம்பிலேயே பிய்ந்துபோக, இங்கிலீஷில் 'ஷாடி' என்றாலே மட்டம் என்று ஆகிவிட்டது. பாவம் பாட்லி!

கதை அதோட முடியலை. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் 1974-ல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஆரம்பித்த 'வேஸ்ட்சேவர்' மையம், பின்னாளில் இடம் மாறி வந்ததும் இதே பாட்லிக்குத்தான். ஆக்ஸ்ஃபாம் கடைகளில் விலைபோகாத துணி இங்கே வந்து சேரும். ஒவ்வொன்றையும் கையால் பிரிக்கணும். நல்லது மறுபடி விற்பனைக்கு. கிழிசல், மெத்தைக்குள் அடைக்க.

சரி, துணி எப்படிச் சேர்ந்தது? 2008-ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கம்பெனி கைகோர்த்தது. அவங்க பழைய டிரெஸ்ஸை ஆக்ஸ்ஃபாமில் கொடுத்தால் 5 பவுண்ட் கூப்பன். நம்ம ஊரு 'பழைய துணிக்குப் பாத்திரம்' மாதிரிதான்! 2012-ல் தங்கள் கடையிலேயே பெட்டி வைத்து, எந்த பிராண்ட் துணியையும் வாங்கிக்கொண்டார்கள். தொண்டு நிறுவனத்துக்குப் பணம், கடைக்குக் கூட்டம்.

இங்கேதான் ஒரு இடி. அந்தக் கூப்பன் செல்லணும்னா 35 பவுண்டுக்குப் புதுசா வாங்க வேண்டியிருந்தது! ஒண்ணு போட்டு மூணு எடுத்தா, குப்பை குறையுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு. அன்னிக்குக் கம்பளியைக் கிழிச்சா கம்பளி கிடைச்சது. இன்னிக்குக் காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரிச்செடுக்கறது பெரிய தலைவலி. அதனால, அடுத்த தடவை டி-ஷர்ட் எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காம, உள்பக்க லேபிளையும் படிங்க. பழசைக் கொடுக்கும்போது துவைச்சு, பட்டன் தைச்சுக் கொடுங்க. அதையும் ஒருத்தர் கையால எடுத்துப் பார்த்துத்தான் பிரிக்கப்போறார்!