ரிப்போர்ட்டுக்குப் பிறகு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனையாகிறது. ஒன்டாரியோவில் மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு கடை இருக்கும். பத்தொன்பது வயது நிரம்பியவர் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டு போகலாம். ஊரிலிருந்து வந்து இறங்கும் பையன்களுக்கு இது முதலில் அதிர்ச்சி, பிறகு பழக்கம். அதே பையன் கனரக லைசென்ஸ் எடுத்து, எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு லோடு அனுப்பும் கம்பெனியில் வேலை கேட்டுப் போகும்போதுதான் இன்னொன்று தெரியவரும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கனடாவின் சட்டத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

டொராண்டோவை ஒட்டிய ஓர் ஊரில், சின்ன லாரி கம்பெனி ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிரைவர்களின் லைசென்ஸ், மருத்துவச் சான்று, போதைப்பொருள் சோதனை முடிவு எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பிறந்து வளர்ந்தது சேலையூர், படித்தது கிழக்குத் தாம்பரம். அதனால் பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எந்த ஊரிலிருந்து வந்த டிரைவருக்கும் நான் 'நம்ம ஊர் அக்கா'. வேறு கம்பெனிக்காரர்களும் போன் செய்வார்கள். பெரும்பாலும் இரவில், தாழ்ந்த குரலில். இந்தக் கட்டுரையில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் எழுதவில்லை.

அமெரிக்கச் சாலையில் பெரிய லாரி ஓட்டுகிறவர், கனடாவிலிருந்து போகிறவரானாலும், வேலையில் சேருமுன் சிறுநீர்ச் சோதனையில் தேற வேண்டும். சேர்ந்த பிறகும் குலுக்கலில் பெயர் வந்தால் உடனே போக வேண்டும். டிரைவர் எண்ணிக்கையில் ஆண்டுக்கு 50 சதவீதம் அளவுக்கு இந்தக் குலுக்கல் சோதனை நடத்த வேண்டும் என்பது 2020 முதல் விதி. கஞ்சா, கொக்கைன், ஆம்ஃபெட்டமின், ஓபியாய்டு, பிசிபி என்று ஐந்து வகை பார்க்கிறார்கள். கஞ்சாவுக்கு முதல் சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிசெய்யும் சோதனையில் 15 நானோகிராம். தினமும் புகைத்தவர் நிறுத்திய பிறகும் ஒரு மாதம்வரை உடம்பில் அதன் தடம் இருக்கும். ஆகவே சனிக்கிழமை இரவு வீட்டில் புகைத்தவன் புதன்கிழமை முழுத் தெளிவோடு வந்து நின்றாலும் ரிப்போர்ட் பாசிட்டிவாக வரலாம்.

இது எனக்கு முழு நியாயமாகப் படவில்லை. ஓட்டும் நேரத்தில் ஆள் தெளிவாக இருக்கிறானா என்பதைச் சிறுநீர் சொல்லாது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு லாரி ஸ்டாப் பலகையை மீறிச் சந்திப்புக்குள் நுழைந்ததில், ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற இளைஞர் ஹாக்கி அணியின் பஸ் மோதி 16 பேர் இறந்தார்கள். லாரியை ஓட்டியவர் இந்தியாவிலிருந்து வந்த இளைஞர். அவரிடம் போதை இல்லை. போதிய அனுபவமும் இல்லை. எந்தச் சோதனைக் குப்பியும் அதைக் கண்டுபிடித்திருக்காது. ஆனாலும் 80,000 பவுண்டு, அதாவது 36 டன் எடையோடு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கோட்டை நான் ஏற்கிறேன். அதில் தடுக்கி விழுந்தவன் எப்படி எழுந்திருப்பது என்பதுதான் என் கவலை.

பெருங்களத்தூர்த் தம்பி ஒருவன் அப்படி விழுந்தான். ஒரகடத்தில் டிரெய்லர் ஓட்டியவன், நல்ல கை. இங்கே வந்து ஒன்டாரியோவின் கட்டாயப் பயிற்சி 103.5 மணி நேரத்தையும் முடித்து லைசென்ஸ் எடுத்தான். ஒரு கம்பெனியில் சேருமுன் நடந்த சோதனையில் கஞ்சா பாசிட்டிவ். என்னிடம் பேசியபோது அவன் முதலில் சொன்னது: "அக்கா, வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது. அம்மா தாங்க மாட்டாங்க." வேலையைப் பற்றிய கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது.

அதற்குள் அறைத் தோழர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு வேறு கம்பெனியில் போய் நில் என்றான் ஒருவன். ஏதோ பானம் குடித்தால் உடம்பு சுத்தமாகிவிடும் என்றான் இன்னொருவன். மூன்றாமவன் கையில் காசு வாங்கிக்கொண்டு ஓட்டும் வேலை இருப்பதாகச் சொன்னான். இந்த மூன்றுமே ஆளைக் குழிக்குள் தள்ளும். 2020 ஜனவரி 6 முதல் 'கிளியரிங்ஹவுஸ்' என்று அமெரிக்க அரசின் மின்பதிவேடு இயங்குகிறது. சோதனையில் தேறாதவர், சோதனைக்கு மறுத்தவர் எல்லோர் பெயரும் அதில் ஏறிவிடும். அமெரிக்காவுக்கு வண்டி அனுப்பும் எந்தக் கம்பெனியும் ஆளை எடுக்குமுன் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்க லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கடுமை: 2024 நவம்பர் 18 முதல், தடையில் இருப்பவரின் கனரக உரிமத்தையே மாநிலங்கள் இறக்கிவிட வேண்டும். பதிவு குறைந்தது ஐந்து ஆண்டு நிற்கும். வேலைக்குத் திரும்பும் நடைமுறையை முடிக்காதவருக்கு ஐந்து ஆண்டு கழித்தும் நீங்காது. காத்திருந்தால் கரைந்துபோகிற விஷயமில்லை இது.

ஆனால் அந்த நடைமுறை வரி வரியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பதிவேட்டில் அவர் பெயரைக் குறிக்க வேண்டும். அவர் பேசிப் பார்த்து வகுப்போ சிகிச்சையோ எழுதிக் கொடுப்பார். பிடிக்கவில்லை என்று வேறு ஆலோசகரிடம் போய் லேசாக எழுதி வாங்க முடியாது. சொன்னதை முடித்ததும் மறுபடி பார்த்து, 'மறுசோதனைக்குத் தகுதி' என்று பதிவு செய்வார். சில நூறு டாலர் செலவு, பெரும்பாலும் டிரைவர் கையிலிருந்துதான்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். அந்த மறுசோதனைக்கு டிரைவர் தானாகப் போய் நிற்க முடியாது. ஒரு முதலாளி அனுப்ப வேண்டும். பெயருக்கு எதிரே இன்னும் 'தடை' என்று இருக்கும் ஒருவனை நம்பி, இவனை எடுக்கப் போகிறேன், சோதியுங்கள் என்று ஒரு கம்பெனி முன்வர வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவும் விண்ணப்பத்தைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடும். சின்ன கம்பெனிக்காரர் மனது வைத்தாலும் இன்சூரன்ஸ்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். தடையில் இருக்கும் டிரைவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் திரும்பும் நடைமுறையைத் தொடங்கவே இல்லை. பதிவாகும் பாசிட்டிவ்களில் பாதிக்கும் மேல் கஞ்சாதான். இத்தனை பேரும் தீராத அடிமைகள் என்று நான் நம்பவில்லை. கதவைத் தட்டிப் பார்க்கவே கூசிப்போனவர்கள் இவர்களில் எத்தனை பேரோ!

தம்பி அப்படிக் காத்திருந்த மாதங்களில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அமெரிக்க விதி அமெரிக்கச் சாலைக்குத்தான் என்பதால், டொராண்டோவிலிருந்து மான்ட்ரியலுக்குக் கனடாவுக்குள்ளேயே ஓட்டும் வேலைக்கும் முயன்றான். இரண்டு இடத்தில் இன்சூரன்ஸ் மறுத்தது. அவனை நான் ஒன்றே ஒன்றில்தான் வற்புறுத்தினேன்: எந்த ஆபீசுக்குப் போனாலும், அவர்கள் பதிவேட்டைத் திறப்பதற்குள் நீயே சொல்லிவிடு. எந்தத் தேதியில் என்ன நடந்தது, ஆலோசகர் என்ன எழுதினார், எதை முடித்தாய் என்று காகிதத்தோடு சொல்.

கடைசியில் அவனை எடுத்தவர் ஸ்கார்பரோவில் சில வண்டிகள் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "தம்பி, நீர் மறைக்காமல் சொன்னபடியால்தான் இருந்து கதைக்கிறன். ரெஸ்டுக்கு நான் அனுப்புறன். ஆனா எந்த நேரம் கூப்பிட்டாலும் போகோணும்" என்றார். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்து, அகதிக் காகிதத்தோடு வேலை தேடி அலைந்தவர் அவர். கறை பட்ட காகிதத்தோடு வாசலில் நிற்பவனை அவருக்கு அடையாளம் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மறுசோதனையில், ஆண் டிரைவர் என்றால் ஓர் ஆண் பக்கத்தில் நின்று சிறுநீர் கழிப்பதை நேராகப் பார்ப்பார். மாற்று எதையும் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக. அந்த அவமானத்தைத் தம்பி வாய்திறந்து சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தேறினான். அதன் பிறகு முதல் 12 மாதத்தில் குறைந்தது ஆறு முறை, முன்னறிவிப்பு இல்லாமல் சோதனை. ஆலோசகர் விரும்பினால் ஐந்து ஆண்டுவரை நீட்டலாம். அந்த அட்டவணை கம்பெனிக்குத் தெரியும், டிரைவருக்குச் சொல்லக் கூடாது. இப்போது அவன் டெட்ராய்ட் வழியாக ஓஹையோவுக்கு ஓடுகிறான்.

ஊரில் இதெல்லாம் கிடையாதே, எவ்வளவு நிம்மதி என்று இங்குள்ள டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு மேடவாக்கம் ஞாபகம் வரும். சித்தப்பா அங்கே தண்ணி லாரி வைத்திருந்தார். விடியுமுன் கிணற்றடியில் லாரிகள் வரிசை கட்டும். டிரைவர் குடித்திருந்தால், பக்கத்தில் வந்தாலே சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும். "போய்ப் படுடா, நாளைக்கு வா" என்று சாவியை வாங்கிக்கொண்டு ஆக்டிங் டிரைவருக்குச் சொல்லியனுப்புவார். மறுநாள் அதே ஆள் குளித்து விபூதி பூசிக்கொண்டு வருவார். சாவி திரும்பக் கைக்குப் போகும். வீட்டில் எல்லோரும் சித்தப்பாவின் நல்ல மனசு என்றோம். அந்த டிரைவர் நாற்பத்தைந்து வயதைப் பார்க்கவில்லை. ஈரல் போய்விட்டது. சாவியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தோம். சிகிச்சைக்கு ஒரு நாளும் அழைத்துப் போகவில்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருந்தது. மேடவாக்கத்திலிருந்து என்ன பெரிய தூரம்?

சட்டம் ஊரிலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. போதைப்பொருளும் அதே பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே ரூ.10,000 அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டுமே. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொல்லி 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வழக்கறிஞர் கே. பாலு தமிழ்நாட்டில் தொடுத்த வழக்கிலிருந்து வந்ததுதான். அத்தனையும் தண்டனையைப் பேசுகின்றன, கடையின் தூரத்தைப் பேசுகின்றன. பிடிபட்ட டிரைவர் அபராதம் கட்டிய மறுநாள் எங்கே போவான், யார் அவனைப் பார்ப்பார்கள், எப்போது மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம் என்று எழுதிய ஒரு தாளைக்கூட ஜி.எஸ்.டி. சாலையில் எந்த லாரி ஆபீசிலும் நான் பார்த்ததில்லை. இந்தக் குளிர்தேசம் என் ஆட்களை நடத்தும் விதத்தில் எனக்கு வருத்தங்கள் உண்டு. ஆனால் அந்தத் தாள் இங்கே இருக்கிறது. அதை நம் ஊருக்கும் கேட்கிறேன்.

இங்குள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழக்கம் கையை மீறிப் போகிறது என்று தெரிந்தால், சோதனைக்கு முன்பே, விபத்துக்கு முன்பே வாயைத் திறந்துவிடுங்கள். ஆல்பர்ட்டாவில் எல்க் வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் லோடர் ஓட்டிய தொழிலாளி ஒருவர் விபத்துக்குப் பிறகு கொக்கைன் சோதனையில் சிக்கினார். அடிமைப் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சிகிச்சை தருகிறோம் என்பது அந்தக் கம்பெனியின் விதி. அவர் சொல்லியிருக்கவில்லை. வேலை போனது. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை போய், 2017இல் கம்பெனி பக்கமே தீர்ப்பானது. கனடாவின் மனித உரிமைச் சட்டம் போதை அடிமைத்தனத்தை உடல்குறையாக ஏற்று முதலாளிக்குக் கடமை விதிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு, பிடிபட்ட பிறகு பேசுகிறவனை எப்போதும் காப்பாற்றுவதில்லை.

அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பார்சலில் கோடீன் கலந்த இருமல் மருந்து வைக்காதீர்கள். உள்ளூர் டாக்டரின் சீட்டு இல்லாமல் அதைக் குடித்தவன், சோதனையைச் சரிபார்க்கும் மருத்துவர் போனில் கேட்கும்போது திணறிப்போவான். கசகசாவும் அப்படித்தான். கசகசாவால் வரும் தவறான முடிவுகளைக் குறைக்கவே மார்ஃபின், கோடீன் வரம்பை 1998இல் 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள். அதற்காக, வேலையில் சேரும் வாரத்தில் கசகசா அரைத்த குருமா எதற்கு? முடிவு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது குப்பியைச் சோதிக்கக் கேட்கலாம். இந்த 72 மணி நேரத்தை அழுதே கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

சித்தப்பாவின் லாரிகளை இப்போது அவர் மகன் பார்த்துக்கொள்கிறான். அவனிடமும் ஒரு டிரைவர் இருக்கிறார்: வாரத்தில் இரண்டு நாள் சாவியைப் பிடுங்க வேண்டியிருக்கும் டிரைவர். இந்திரா நகர் மருத்துவமனை விவரத்தை அனுப்பினேன். "அவர் உள்ள போய்ப் படுத்துட்டா லாரி யாருக்கா ஓட்டுறது? அவர் வீட்டுக்கு யார் காசு குடுப்பா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆக்டிங் டிரைவர் செலவு அவனுடையது, சிகிச்சை முடியும்வரை டிரைவர் வீட்டுச் செலவு என்னுடையது என்று பேசி முடித்திருக்கிறோம். அவருடைய மனைவி சம்மதித்துவிட்டார். டிரைவரிடம்தான் இன்னும் பேச வேண்டும். பொங்கல் கழிந்ததும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.