12 இருக்கை, 21 பேர்

தென்காசியில் நான் நடத்திய எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீடு) வழக்குகளில் ஒன்றை டைட்டானிக் கப்பலைத் தொடாமல் சொல்ல முடியாது. ஆடி மாதம், சாரல் சீசன் உச்சத்தில் இருந்தது. ஐந்தருவியிலிருந்து இறங்கிய வேன் ஒன்று வளைவில் கவிழ்ந்தது. ஆர்.சி. புத்தகத்தின்படி 12 பயணிகள். உள்ளே இருந்தவர்கள் 21 பேர். 4 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன், வெளியூர் நண்பர்களை அருவிக்கு அழைத்துப்போன இலஞ்சிப் பையன். அவனுடைய அப்பா ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார்.

சார்வாள் என்னிடம் வந்தபோது கையில் எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இவற்றோடு ஒரு பழைய நோட்டும் இருந்தது. நோட்டு முழுக்க டைட்டானிக். கிரீன்லாந்துப் பனிப்பாறைகளை லாப்ரடார் நீரோட்டம் தெற்கே இழுத்து வருவதைப் பாடம் நடத்தப் போய், அந்தக் கப்பலின் பிடியில் விழுந்தவர். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் மிஷன் பணியிலிருந்த பெக்கர் குடும்பத்தின் 12 வயதுச் சிறுமி ரூத், அம்மாவையும் தம்பி தங்கையையும் பிரிந்து 13ஆம் எண் படகில் தப்பியதை, சொந்த ஊர்ச் செய்தி போலச் சொன்னார். பிறகு நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்:

“வக்கீல் சார், கப்பல்ல ஏறக்குறைய 2,200 பேரு. 20 படகுல இடம் 1,178 பேருக்கு. ஆனா அன்னைக்குச் சட்டம் கேட்டது 16 படகுதான். இந்த வேன்ல இன்சூரன்ஸ் 12 பேருக்கு. மத்த 9 பேருக்கு எந்தப் படகு?”

பனிப்பாறை, இசைக்குழு, காதல் என்று உலகம் அந்தக் கப்பலைப் பேசுகிறது. என்னைப் போன்ற வக்கீலை அது விடாமல் பிடித்துவைப்பது கப்பல் மூழ்கிய பிறகு நடந்த வழக்குகளால்தான். இடம் போதாத இடத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு அங்கே தொடங்குகிறது.

குறுக்கு விசாரணையில் வேன் டிரைவர் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. “சீசன்ல எல்லா வண்டியும் இப்படித்தான் சார் ஏத்தும்.” 1912இல் லண்டனில் லார்டு மெர்சி நடத்திய விசாரணையிலும் இதே வாதம்தான். பனிக்கட்டி எச்சரிக்கை வந்த பிறகும் கப்பல் சுமார் 22 நாட் வேகத்தில் போனது. அந்தப் பாதையில் எல்லாக் கப்பல் தலைவர்களும் வானம் தெளிவாக இருந்தால் வேகத்தைக் குறைப்பதில்லை என்று பலர் சாட்சி சொன்னார்கள். அதனால் கேப்டன் ஸ்மித்தின் செயல் தவறுதானே தவிரக் கவனக்குறைவு அல்ல என்றார் மெர்சி. ஆனால் இனி ஒருவர் அதையே செய்தால் அது சந்தேகமில்லாமல் கவனக்குறைவு என்றும் எழுதினார். வழக்கம் என்ற கேடயம் ஒரு முறைக்குத்தான். குற்றாலச் சாலையில் அளவு மீறிய வண்டி கவிழ்வது இது முதல் முறையா என்று நான் டிரைவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

“தெரிந்துதானே ஏறினார்கள்” என்று ஏறியவர்கள் மேலேயே பழியைப் போட்டது எதிர்த்தரப்பு. எனக்குக் கோபமே வந்தது. அயர்லாந்துக்காரர் தாமஸ் ரையன், டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பில் போய் இறந்த தன் மகனுக்காக வழக்குப் போட்டபோது, கவனக்குறைவாலேயே இறந்தாலும் கப்பல் கம்பெனி பொறுப்பல்ல என்று டிக்கெட்டில் அச்சடித்திருந்த நிபந்தனையைக் காட்டினார்கள். அது செல்லவில்லை. வேகத்தில் கவனக்குறைவு உண்டு என்றது ஜூரி; ரையனுக்கு 100 பவுண்டு கிடைத்தது. 1914இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. எங்கள் தீர்ப்பாயமும் பயணிகள் மேல் பங்குக் குற்றம் சுமத்த மறுத்தது.

கடினமான இடம் இன்சூரன்ஸ். முழுத் தொகையையும் கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். அவர்கள் 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, அஞ்சனா ஷியாம் வழக்கை, எடுத்து நீட்டினார்கள். பாலிசியில் எத்தனை பயணிகளோ அத்தனை பேருக்குத்தான் கம்பெனி பொறுப்பு. வழங்கிய இழப்பீடுகளில் உயர்ந்தவற்றை அந்த எண்ணிக்கை வரை கூட்டி, அந்தத் தொகையைக் கம்பெனி கட்ட வேண்டும். தீர்ப்பாயம் அதை எல்லாருக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும். மீதிக்கு உரிமையாளர் பொறுப்பு.

சார்வாளுக்கு இதை விளக்கினேன். அவர் நோட்டில் அமெரிக்க வழக்கு இருந்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே கேட்கப்பட்ட இழப்பீடு சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர். மீட்ட படகுகளின் விலையும் பயணக் கட்டணமும் சேர்ந்த தொகையோடு தன் பொறுப்பு முடிந்தது என்றது கப்பல் கம்பெனி. அது 1 லட்சம் டாலர்கூட இல்லை. அமெரிக்கச் சட்டப்படி அந்த வரம்பைக் கேட்கலாம் என்று 1914இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்த தவறென்றால் வரம்பு கிடையாது. கம்பெனித் தலைவர் புரூஸ் இஸ்மே அதே கப்பலில் பயணித்தவர் என்பதைப் பாதிக்கப்பட்டவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் 6,64,000 டாலருக்குச் சமரசமானது. அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்லை.

எங்கள் வழக்கில் வந்தது. டிரைவர் தன் இஷ்டத்துக்கு ஆள் ஏற்றினார் என்று உரிமையாளர் எதிர்வாதவுரை போட்டிருந்தார். ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான் விற்கும் ஒருவர் கூண்டேறி, உரிமையாளரே நின்று ஆளைத் திணித்து ஏற்றியதைக் கண்டதாகச் சொன்னார். சீசன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து சாட்சி சொன்ன அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி 12 பேர் கணக்கைக் கட்டியது. அது 21 பேருக்கும் விகிதப்படி பிரிந்தது. மீதிக்கு உரிமையாளர் மேல் நிறைவேற்று மனு போட்டோம். அவருடைய இன்னொரு வண்டி ஜப்தியாகி ஏலம் போனது. அதிலும் முழுத்தொகை தேறவில்லை. சார்வாளுக்குத் தீர்ப்பில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் வந்து சேர்ந்தது.

குற்றாலத்துக்கு வேன் பேசுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யையும் பாலிசியையும் கேட்டு வாங்கி, பயணிகள் எத்தனை என்று பாருங்கள். அதற்கு மேல் ஒரு ஆள் இருந்தாலும் இன்னொரு வண்டி பேசுங்கள்.