பிழை வயர்மேனுடையது அல்ல

என் வீட்டில் ஒரு பையனின் வலது கண் பார்வை போனது. அதற்குக் காரணம் நான். அந்தப் பழியை அவனுடைய தாய்மாமன் சுமந்தார். அதற்கும் காரணம் நான். இரண்டையும் இத்தனை வருடம் வெளியே சொல்லவில்லை. முதல் குற்றத்தை விட இரண்டாவதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. முழுவதையும் படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி எனக்குச் சொந்த ஊர். கொய்யாவுக்குப் பெயர் போன ஊர். அரசுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு மரத்தடியில் இலவசமாகப் பயிற்சி கொடுக்கிற ஊரும் இதுதான். வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து படிக்கிறார்கள். அந்தப் பையனும் அங்கே படித்துக்கொண்டிருந்தவன்.

2012இல் இருந்த மின்வெட்டை இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் கரண்ட் வரும். அடுத்த மணி நேரம் போய்விடும். நாளில் பாதிக்கு மேல் இருட்டு. இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளிலும் பேட்டரி சார்ஜ் ஏற நேரம் கிடைக்கவில்லை. அந்த அக்டோபரில்தான் மாநில அரசு சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015க்குள் 3000 மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். பாடம் நடத்துகிறவன் முதலில் தன் வீட்டில் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்பதும் அதில் கலந்திருந்தது.

250 வாட் பேனல் நான்கு. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி இரண்டு. 24 வோல்ட் இன்வெர்ட்டர். பொருத்துவதற்கு எங்கள் ஊர் வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். தோட்டத்து மோட்டார், வீட்டு வயரிங் என்று எல்லாம் கைப்பழக்கத்தில் கற்றவர். உதவிக்குத் தன் அக்கா மகனை அழைத்து வந்தார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். மாடியில் ஒரு பகல் முழுக்க நிழல் எங்கெங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். "தென்னை மட்டை நிழல் ஒரு ஓரத்துல விழுந்தாக்கூட அந்த பேனல் மொத்தமும் படுத்துருங்க சார்" என்றார். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்திருப்பதால் பேனலின் உற்பத்தி பெரிதும் குறையும். தெற்குப் பார்த்து, மழைத் தண்ணீர் வழிந்து தூசி கழுவுகிற அளவுக்குச் சாய்த்து வைத்தார். தனியாக எர்த் அடித்தார். பின்னாட்களில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்கிக் காட்டினேன். நானே யோசித்துச் செய்த மாதிரித்தான் பேசினேன்.

பேட்டரி வைக்கும் இடத்தைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. அங்கே வைக்கச் சொன்னேன். "வேண்டாங்க சார். பின்னாடி வராண்டாவுல வெச்சிரலாம். உள்ள வெச்சா கேஸ் தங்கிக்கும்" என்றார். வராண்டாவில் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தோம். ஆசிட் சிந்திக் கறை படியும் என்று நான் பயந்தேன். அப்படியானால் அறைச் சுவரில் மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை போடலாம் என்றார். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. பேட்டரியை மட்டும் தனியே துண்டிக்க ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்றார். தேவையில்லை என்றேன். அந்த சுவிட்சின் விலை ஒன்றும் பெரிதில்லை. இவர் சொல்லி நான் கேட்பதா என்பதுதான் என் மனதில் இருந்தது. "ஏப்பா, இதெல்லாம் பாடம் எடுக்கறவன் நான்" என்று அந்தப் பையனின் முன்னால் சொன்னேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

உண்மையில் நான் அதைப் பாடம் எடுத்தவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ஈய அமிலச் சேமக்கலன் இருந்தது. சார்ஜ் நிறைந்த பிறகும் மின்சாரத்தைச் செலுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டதும் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத பொறி போதும். இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த வயர்மேனுக்கு 'கேஸ் தங்கும்' என்பது மட்டும் தெரியும். தெரிந்த அந்த ஒன்றை அவர் மதித்தார்.

மின்வெட்டு குறைந்ததும் நான் பேட்டரியை மறந்தேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்லி மிதவைக் குச்சி சிவப்புக் காட்டும். அறையைத் திறந்தால்தானே அது கண்ணில் படும். இரவில் பேட்டரி சீக்கிரம் இறங்கியது. தண்ணீர் வற்றியதுதான் காரணம். அதைப் பார்க்காமல் சார்ஜ் கன்ட்ரோலரில் வோல்டேஜை 30க்கு உயர்த்தி வைத்தேன். இன்னும் நன்றாக நிறையட்டும் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. தண்ணீர் இன்னும் வேகமாக வற்றியது. வாயு இன்னும் அதிகமாக வந்தது.

2015 வைகாசி. என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். ஹாலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நடு மதியத்தில் இன்வெர்ட்டர் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. வயர்மேனுக்குப் போன் செய்தேன். பையனோடு வந்தார். அறையைத் திறந்து பார்த்தார். "தண்ணியே இல்லீங்க சார். யாரும் எதையும் தொடாதீங்க, நான் வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டுப் பழனிக்குக் கிளம்பினார். பையனை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஃபேன் ஒருமுறை நின்று ஓடியது. வந்தவர்களில் ஒருவர் மேலே பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பையனைக் கூப்பிட்டேன். டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது, கழற்றித் துடைத்து மாட்டு என்றேன். "மாமா வந்துரட்டுங்க சார்" என்றான். "நான் சொல்றேன், கழட்டு" என்றேன். "அப்ப மெயினை ஆஃப் பண்ணிக்கட்டுங்களா" என்று கேட்டான். வேண்டாம், ஃபேன் நின்றுவிடும் என்றேன்.

இதில் ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்கவில்லை. அவன் இரண்டு முறை சரியானதைச் சொன்னான். நான் இரண்டு முறையும் தடுத்தேன்.

ஸ்பேனரை வைத்துத் திருகினான். கிளாம்ப் விலகிய இடத்தில் பொறி வந்தது. சத்தத்தில் சமையலறைப் பாத்திரங்கள் அதிர்ந்தன. பேட்டரியின் மேல்மூடி பிளந்திருந்தது. பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். ஆசிட் பட்டால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஆய்வகச் சுவரில் அதை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் அசையாமல் நின்றேன். என் மனைவிதான் அவனைத் தொட்டிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். இடது கண் தப்பியது அவளால்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். எல்லோருக்கும் முந்தி நான் பதில் சொன்னேன். "பையன் ஆஃப் பண்ணாம கழட்டிட்டான்." அவன் அங்கேதான் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். காது கேட்டிருக்கும். வயர்மேன் என்னைப் பார்த்தார். "நீங்க ஊருக்குக் கிளம்புங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

சில நாள் கழித்துப் பையனின் அம்மா வீட்டுக்கு வந்தார். கொய்யாத் தோட்டங்களில் பழம் பறிக்கப் போகிறவர். "சார் சொல்லித்தான் கழட்டுனேன்னு புள்ள சொல்றானுங்க" என்றார். சண்டை போட வரவில்லை. தெரிந்துகொள்ள வந்தார். "வலியில ஏதோ சொல்றாம்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் பேசினேன் என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு ஒரு சாக்கும் கிடையாது. யோசித்துச் சொன்ன பொய். பயம்தான் காரணம். போலீஸ் வருமோ, வந்த சம்பந்தம் போய்விடுமோ, மாணவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கை நான் கொடுத்தேன். அது நான் பட்ட கடன். ஊரில் அதை உதவி என்றார்கள். வாத்தியாருக்குப் பெரிய மனசு என்றார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

பையன் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். சனி ஞாயிறு வகுப்பு, மற்ற நாட்களில் மாமாவோடு வேலை. காலையில் வரதமாநதி ரோட்டில் ஓடிப் பழகுவான். அந்த வேலைக்குப் பார்வைச் சோதனை உண்டு. அவனுடைய வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். ஆள் தெரியாது. பழ மண்டியில் பெட்டி ஏற்றுகிறான்.

வயர்மேனை ஊரில் சோலார் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. பிறகு மற்ற வேலைக்கும் கூப்பிடுவது குறைந்தது. 'வாத்தியார் வீட்ல பேட்டரி வெடிக்க வெச்சவரு' என்ற பெயர் நின்றுவிட்டது. குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு எலக்ட்ரீஷியனாகப் போனார். என்னைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஒரு நாள் காகிதத்தை எடுத்து, மாணவர்களுக்குக் கொடுக்கிற கணக்கு மாதிரிப் போட்டுப் பார்த்தேன். சார்ஜ் நிறைந்த பிறகு செலுத்துகிற ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல்லில் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். இரண்டு பேட்டரியில் 12 செல். 10 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்கு 50 லிட்டர். படிக்குக் கீழே இருந்த அறையின் கொள்ளளவு 1500 லிட்டருக்குப் பக்கம். அதில் நூற்றுக்கு நான்கு என்றால் 60 லிட்டர். ஒன்றேகால் மணி நேரம் போதும். கதவைத் திறந்ததும் கொஞ்சம் வெளியேறியிருக்கலாம். ஆனால் தண்ணீர் வற்றிய பேட்டரிக்குள்ளே காலியாக இருந்த இடம் முழுவதும் அதே வாயுதான். இந்தக் கணக்கைப் போட எனக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை. அறையைத் தேர்ந்தெடுத்த அன்றே போட்டிருக்கலாம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்தது. மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். அதிலிருந்து தெருவில் பலரும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். சார் அப்போதே போட்டவர் என்கிறார்கள். மின்வாரிய லைனோடு இணைகிற அந்த அமைப்பு, லைனில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறுகிற லைன்மேனின் உயிரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் "அப்ப கூடவே பேட்டரியும் வெச்சுக்கலாமா சார், படிக்குக் கீழ இடம் இருக்கு" என்று ஒருவர் கேட்டார். எனக்கு உடம்பு பதறியது. அவரிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அப்போதும் என்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் பேசினேன்.

ஈய அமில பேட்டரி வைக்கிறவர்கள் திறந்த இடத்தில் வையுங்கள். தண்ணீர் அளவை மாதாமாதம் பாருங்கள். டெர்மினலைத் தொடும் முன் பேனலையும் வீட்டு லோடையும் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். லித்தியம் பேட்டரி வழக்கமாக இப்படி வாயு விடாது. அதற்கு வேறு பாதுகாப்புகள் வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். அவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்று பார்க்காதீர்கள்.

இதை வெளியிடக் கொடுப்பதற்கு முன் பையனின் அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். திருப்பூருக்குப் போய் வயர்மேனிடமும் சொன்னேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம். வயர்மேன், "பையன்கிட்டச் சொன்னீங்களா சார்" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பையன் பதில் பேசவில்லை. அவர்கள் யாரிடமும் மன்னிப்பை எதிர்பார்க்கும் தகுதி எனக்கு இல்லை.

ஆயக்குடிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் பெயர் எழுதாவிட்டாலும் அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அமைத்த பேனல்கள் என் மாடியில் இன்றும் ஓடுகின்றன. அவருடைய வேலையில் பிழை இல்லை. இனி யாராவது அவரைப் பேட்டரி வெடிக்க வைத்தவர் என்று சொன்னால், வெடிக்க வைத்தது வாத்தியார் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.