எக்கி நிற்கும் வயிறு

தமிழில் வயிற்றுக்கு வேலை அதிகம். பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கிறது. பிழைப்பைக் கெடுப்பவர்கள் வயிற்றில் அடிக்கிறார்கள். வயதுக்கு வந்த மகளை வைத்திருப்பவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆளாக்கினாள். எரிகிறது, காய்கிறது, நிரம்புகிறது, சுமக்கிறது. இத்தனை பேச்சிலும் வயிறு என்பது தசையால் ஆனது, அதற்கு வலு உண்டு என்ற நினைப்பு மட்டும் வருவதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்த எனக்கு வயிற்றைப் பற்றிக் கிடைத்த முதல் பாடம் ஒரு வினைச்சொல்: எக்குதல். தாவணி போட்ட நாளிலிருந்து ஆச்சி சொல்வாள், “ஏட்டி, வயித்த எக்கி நில்லு.” பெண் பார்க்க வந்த அன்று எக்கினேன். கல்யாண மேடையில் எக்கினேன். முதன்முதலாகக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்த அன்றும் சேலை மடிப்புக்குப் பின்னால் எக்கியபடிதான் நின்றேன். எக்கி நிற்கும்போது மூச்சு அடிவயிறு வரை இறங்காது; நெஞ்சோடு திரும்பிவிடும். அரை மூச்சில் பேசிப் பழகிய பெண்கள் நம்மில் எத்தனை பேர் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன்.

நாற்பத்து மூன்று வயதில், மணிக்கணக்காக நின்று பாடம் நடத்தி இடுப்பு வலி கண்டபோது, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். பயிற்சியாளர் இருபத்தேழு வயதுப் பெண். தரையிலிருந்து எடை தூக்கக் கற்றுக்கொடுத்த அன்று அவள் சொன்னது எனக்குப் புதிது. “அக்கா, எக்காதீங்க. மூச்ச இழுத்து வயித்த நிரப்புங்க. யாரோ குத்த வர்றாங்கன்னு நெனச்சு இறுக்கிப் பிடிங்க.” உதரவிதானம் கீழே இறங்க, இடுப்புத்தளத் தசைகள் கீழிருந்து தாங்க, வயிற்றின் சுற்றுத் தசைகள் இறுக, உள்ளே அழுத்தம் கூடி முதுகெலும்பைப் பிடித்துக்கொள்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானுவும் இந்த முறையில்தான் தூக்க முடியும். பளு தூக்குபவர்கள் இடுப்பில் கட்டும் அகலமான பட்டை வயிற்றை உள்ளே அமுக்குவதற்கு இல்லை. நிரப்பிய வயிறு வெளியே தள்ளி முட்டிக்கொள்ள ஒரு சுவர் வேண்டும், அதற்குத்தான்.

அன்றைக்கு அவள் இன்னொன்றும் செய்தாள். என்னைப் படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்துப் பார்த்தாள். பிள்ளைப்பேற்றில் நடுவயிற்றின் நார்க்கோடு அகன்று, இரண்டு பக்கத் தசைகளும் விலகிப்போயிருக்கும். பலருக்குச் சில மாதங்களில் தானாகக் கூடிவிடும், சிலருக்குக் கூடாது. எனக்கு இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தது. பழைய நூல் சேலையை இறுக்கிச் சுற்றி என் அம்மா வயிறு கட்டிவிட்டது இதற்காகத்தான். கட்டு தாங்கிப் பிடிக்கும், தசையை வலுவாக்காது. தலையைத் தூக்கும்போது நடுவயிறு கூரைபோல முட்டிக்கொண்டு எழுந்தால் சிட்-அப் செய்வது சரியல்ல. மூச்சுப் பயிற்சியும், மல்லாந்து படுத்து எதிரெதிர்க் கைகால்களை மெல்ல நீட்டி மடக்கும் பயிற்சியும்தான் முதலில். பிள்ளை பெற்ற பெண்கள் எந்த வயிற்றுப் பயிற்சியையும் தொடங்குமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிரசவம் பார்த்த எந்த ஆஸ்பத்திரியிலும் இதை எனக்குச் சொல்லவில்லை.

நான் ஜிம்முக்குப் போவது வகுப்பில் தெரிந்த பிறகு, முதுகலை மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து கேட்டாள். “அம்மா, பொண்ணுங்களுக்கு சிக்ஸ் பேக் வருமா?” பள்ளியில் கபடி ஆடியவள். விடுதி வராந்தாவில் தினமும் இருநூறு சிட்-அப் செய்கிறாளாம். காலையில் சாப்பிடுவதில்லை. மதியம் கொஞ்சம் சோறு, இரவு வெள்ளரிக்காய். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பதை, தொல்லை விட்டது என்ற தொனியில் சொன்னாள்.

வரும் என்றேன். அது வரும் விதத்தையும் சொன்னேன்.

மார்புக்கூட்டின் அடியிலிருந்து இடுப்பெலும்பு வரை நெடுக இரண்டு பட்டையாக ஓடும் தசை எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. அதைக் குறுக்கே சில நார்ப்பட்டைகள் பிரிப்பதால்தான் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கட்டம் நான்கா, ஆறா, எட்டா என்பது பிறவி அமைப்பு. உழைத்துக் கூட்ட முடியாது. மேலே கொழுப்பின் அடுக்கு இருப்பதால் தசை மறைந்திருக்கிறது. வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பது நம்பிக்கை மட்டுமே. சிட்-அப் தசையை வளர்க்கும். கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை உடல்தான் முடிவு செய்யும். பெரும்பாலான பெண்களுக்கு இடுப்பும் தொடையும் அடிவயிறும் கடைசியாகத்தான் கொடுக்கும்.

பெண்ணுடல் உயிர்வாழ அடிப்படையாகத் தேவைப்படும் கொழுப்பு எடையில் சுமார் 12 சதவீதம் என்பது உடலியல் பாடநூல்களின் கணக்கு. ஆணுக்கு அது 3 சதவீதம். வயிற்றுக் கட்டங்கள் தெளிவாகத் தெரிய ஒரு பெண் ஏறக்குறைய 16 முதல் 20 சதவீதத்துக்கு இறங்க வேண்டியிருக்கும். அங்கே சௌகரியமாக இருக்கும் உடல்களும் உண்டு. அதற்கு முன்பே முரண்டு பிடிக்கும் உடல்களும் உண்டு. உண்பதில் உடற்பயிற்சிக்குப் போக மிஞ்சுவது மிகவும் குறைந்தால், மூளை முதலில் நிறுத்துவது கருப்பையின் செலவை. ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, மாதவிடாய் நிற்கிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ‘ரெட்-எஸ்’ என்று பெயரிட்டது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். அவளிடம் இதைத்தான் முதலில் சொன்னேன், போனாள்.

சாப்பிட வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். முட்டை என்ற இடத்தில் நிறுத்தினாள். “வீட்டுல தம்பிக்குத்தான்மா முட்டை வாங்குவாங்க. அவன் ஜிம்முக்குப் போறான்.”

அன்று முழுவதும் இது என்னை விடவில்லை. ஒரே வீடு. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. அவனுக்கு அது தினம் ஆறு முட்டையாக, வாழைப்பழமாக, அப்பா கட்டும் ஜிம் கட்டணமாக வருகிறது. அவளுக்கு வெள்ளரிக்காயாக வருகிறது. அவன் சாப்பிட்டு வளர்க்கிறான். அவள் சாப்பிடாமல் தேய்க்கிறாள்.

சினிமா இதை நமக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது. 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது சிக்ஸ் பேக் என்ற சொல் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. கதாநாயகனின் வயிறு உழைப்பின் சான்றாகப் பார்க்கப்பட்டது. கதாநாயகியின் வயிற்றைக் கேமரா அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது, தொப்புளுக்காக. 2016-இல் வந்த ‘இறுதிச்சுற்று’ எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், நிஜத்திலும் கிக் பாக்சிங் ஆடிய ரித்திகா சிங் அதில் குத்துச்சண்டைக்காரியாக நின்ற விதம். அவர் எக்கி நிற்கவில்லை.

நான் பாடம் நடத்தும் இலக்கியமும் சினிமாவுக்கு அண்ணன்தான். இடை மின்னலா, கொடியா, உடுக்கையா, அது உண்டா இல்லையா என்று ஐயப்படுவதில் நம் புலவர்களுக்குச் சலிப்பே வந்ததில்லை. இல்லாமற்போவதுதான் அங்கே இடைக்குப் பெருமை. இன்னொரு பக்கம் புறநானூற்றின் 86-ஆம் பாட்டு. உன் மகன் எங்கே என்று கேட்டவளிடம், புலி இருந்துவிட்டுப் போன குகை இந்த வயிறு என்று ஒரு தாய் சொல்வதாகக் காவற்பெண்டு பாடுகிறார். பெண் பாடிய கம்பீரமான பாட்டு; ஆனாலும் புலி அவள் இல்லை, மகன். காரைக்கால் அம்மையார் இந்த இரண்டையும் உதறினார். கணவனுக்காகத் தாங்கிய அழகான உடலைக் கழித்துவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். அவர் பாடும் பெண்பேய்க்கு நரம்பு புடைத்திருக்கிறது, வயிறு குழிந்திருக்கிறது. ஆணின் பார்வையிலிருந்து தப்ப ஒரு பெண் தன் சதையையே கழிக்க வேண்டியிருந்தது. மெலிந்த இடை, பிள்ளை சுமந்த வயிறு, குழிந்த வயிறு. உண்டு வலுத்த வயிறு ஒன்றை நான் படித்த பாட்டுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டில் கிடைக்காததைத் தெருவில் பார்க்கலாம். கட்டட வேலையில் சிமெண்ட் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றி மூன்று மாடி ஏறும் சித்தாள் பெண்ணின் நடுவுடல் எந்த ஜிம்மிலும் கிடைக்காத உறுதி உடையது. நடவு வயலில் நாளெல்லாம் குனிந்து நிற்பவளின் முதுகும் அப்படியே. அதை யாரும் ஃபிட்னஸ் என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அந்த வேலைக்கு ஈடான சாப்பாடும் இல்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 முதல் 49 வயதுக்குள், 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே சமையலறையின் கணக்குகள்: சோறு நிறைய, பருப்பும் கீரையும் முட்டையும் கொஞ்சம், அதிலும் கடைசியாகச் சாப்பிடுபவளுக்கு அடிச்சட்டி.

அதனால் வயிற்றில் கோடு வேண்டும் என்று கேட்கும் பெண்ணை நான் கேலி செய்வதில்லை. தன் உடலில் தான் செய்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஆணுக்கு இருந்தால் லட்சியம், பெண்ணுக்கு இருந்தால் மினுக்கல் என்பதை ஏற்க மாட்டேன். ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் சாப்பாடு. பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் உதவும். 55 கிலோ என்றால் 88 கிராம். நான்கு இட்லியில் சுமார் 8 கிராம்தான் இருக்கும். ஒரு முட்டையில் 6, ஐம்பது கிராம் சோயா உருண்டையில் 25-க்கு மேல், ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14 போல, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. கூடவே கீரை, காய், கொஞ்சம் குறைத்த சோறு.

இரண்டாவது, வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி: உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது. எடையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். வயிற்றுக்கென்று பிளாங்க்கும் தொங்கிக் கால் தூக்குவதும் போதும். மூன்றாவதாகத்தான் குறைப்பு. கொழுப்பு இறங்க வேண்டியவர்கள் அன்றாடத் தேவையில் 300 கலோரி அளவுக்குக் குறைத்து, மாதக்கணக்கில் மெல்லப் போகலாம். மாதவிடாய் தள்ளினால், தூக்கம் கெட்டால், முடி கொட்டினால், சதா குளிரெடுத்தால், குறைப்பதை அன்றே நிறுத்த வேண்டும். ஆரோக்கியத்துக்கு வயிற்றில் பார்க்க வேண்டிய அளவு வேறு: இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குக் கட்டங்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரியவில்லை. 55 கிலோ தூக்குகிறேன், இடுப்பு வலி இல்லை.

அந்த மாணவி இந்தக் கணக்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் அம்மா பீடி சுற்றுபவர். காலையிலிருந்து குனிந்த முதுகோடு தட்டை மடியில் வைத்திருப்பவர். தாளை வாங்கி மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாராம், “அப்ப எனக்கு எவ்வளவுட்டி?”

உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் எடை 48 கிலோ. பயிற்சி எதுவும் செய்யாதவர்களுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 40 கிராம் ஆகிறது. அன்று அவர் சாப்பிட்டது காலையில் பழையது, மதியம் சோறும் புளிக்குழம்பும், இரவு இரண்டு தோசை. எப்படிக் கூட்டினாலும் 25 தேறவில்லை.

அந்த வீட்டுக்கு இப்போது வாரம் ஓர் அட்டை முட்டை வருகிறது, முப்பது. நான்கு பேருக்கும் பிரிக்கிறார்கள். பீடிக் கூலியில் வாங்குவதால் யாரும் கேள்வி கேட்கவில்லை என்றாள். ஐந்து மாதம் கழித்து மாதவிடாய் திரும்பியது. மேல்வயிற்றில் இரண்டு கோடு காலையில் தெரிகிறது, மத்தியானம் சாப்பிட்டதும் போய்விடுகிறது என்று சொல்லிச் சிரித்தாள்.